இருந்ததற்குச் சான்று

கால் பெருவிரலில் ஒரு புண்.
சப்பாத்துக் கடி என்றுதான் முதலில் நினைத்தேன்.
கோப்பை கழுவும் நிலவறையில்
பத்து மணித்தியாலம்
ஈரம் காலோடேயே நிற்கும்.
ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தும் ஆறவில்லை.
நோகவும் இல்லை.
நோகாததுதான் கூடாது என்றான் கமலநேசன்.
தன் தகப்பனுக்கும் இப்படித்தான் தொடங்கியதாம்.
மிச்சத்தை அவன் சொல்லவில்லை.

வைத்தியரிடம் போனால் முப்பது ஈரோ.
முப்பது ஈரோ என்பது ஆறு மணித்தியாலம்.
ஆறு மணித்தியாலம் என்பது தொள்ளாயிரம் கோப்பை,
கரண்டிகளை எண்ணாமல்.
இரத்தம் சோதிக்க வேறு, மருந்துக்கு வேறு.
கணக்கில் நான் கெட்டிக்காரன்
அதனால்தான் போகவில்லை.

கமலநேசன் தன் காட்டை நீட்டினான்.
பச்சை நிறம், மூலையில் மங்கிய படம்.
"கொண்டு போ. அவங்களுக்கு நீயும் நானும் ஒரே முகம்."
உற்றுப் பார்த்தேன். மூக்கு மட்டும்தான் உதைத்தது.
"என்ர சீனி உன்ர பேரில ஏறும்,
நாளைக்கு உன்ர காலை வெட்ட வருவாங்கள்" என்றேன்.
இருவரும் சிரித்தோம்.
சிரிப்பு முடிய முன்னம் திருப்பிக் கொடுத்தேன்.

மகளிடம் காட் இருக்கிறது.
பள்ளிக்கூடத் தாதி எழுதிக் கொடுக்க
சுணங்காமல் வந்தது.
சின்னவர்களிடம் கேள்வி குறைவு.
அவளுக்குக் காதுக்குத்து என்றால் நான் பணக்காரன்,
வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பேன்.
எனக்கென்றால்
பச்சைச் சிலுவை அணைந்து அணைந்து எரிவதை
தெருவின் மறுகரையில் நின்று பார்ப்பேன்,
பிறகு போய் மலிந்த பிளாஸ்டர் ஒரு பெட்டி.

புதன்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை.
மதுஷிகாவையும் கூட்டிக்கொண்டு
லா கூர்நேவில் டிராம் ஏறி
சென் தெனி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.
காசில்லாதவர்களுக்கு ஒரு பக்கவாசல் உண்டு என்று
மரக்கறிக்கடையில் யாரோ சொன்னது.
வாசல் இருந்தது. வாசலில் கதிரைகளும்,
கதிரைகளில் உலகத்தில் பாதியும்.

மதாம் பென்சாயித் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
மூன்று மாதமாக இங்கேதான் இருக்கிறீர்கள் என்பதற்கு
ஏதும் கடதாசி?
மகள் மொழிபெயர்த்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நாலு வருசம், மதாம்.
அறை வாடகை இன்னொருவர் பேரில்.
தபால்பெட்டி இன்னொருவர் பேரில்.
சம்பளம் எவர் பேரிலும் இல்லை,
ஈரக்கையில் வைக்கிற தாள்.
நான் கழுவிய கோப்பைகளில்
என் விரலடையாளம்கூட இருக்காது,
அதுதானே என் வேலை.

இவ்வளவையும் அவள் எப்படிச் சொன்னாளோ தெரியாது.
பிரெஞ்சில் அது மிகவும் சிறியதாக இருந்தது.

பேனை தேடிப் பையைத் துழாவினாள்.
நீலக் கொப்பி நழுவி மேசையில் விழுந்தது,
பள்ளிக்கூடம் வீட்டுக்கு எழுதும் கொப்பி.
மதாம் அதைப் பிரித்தார். ஒரு பக்கம். இன்னொரு பக்கம்.

புரட்டாதியில், நீச்சலுக்குத் தொப்பி கொண்டு வரவும்: என் கையெழுத்து.
வகுப்பில் பேன் பரவுகிறது: கையெழுத்து.
ஐப்பசியில், சிவப்புச் சால்வை ஒன்று தொலைந்துள்ளது,
பிறகு படம் பிடிக்கும் நாள், பிறகு மீண்டும் பேன்.
ஒவ்வொன்றின் கீழும் திகதி,
திகதியின் கீழ், என்னவென்று விளங்காமலே
இரவு பன்னிரண்டரைக்கு
எண்ணெய் மணக்கும் கையால் நான் போட்ட கோழிக்கிறுக்கல்.

"இது நீங்களா?"
"அப்பாதான்" என்றாள் மகள்.
மொழிபெயர்க்க நான் அவளுக்கு ஒன்றும் கொடுத்திருக்கவில்லை.

பதினொரு பக்கத்தைப் படப்பிரதி எடுத்தார்கள்.
எடுபடலாம், எடுபடாமலும் போகலாம்,
இரண்டு மாதம் செல்லும் என்றார் மதாம்.
பக்கத்து அறைத் தாதி அதற்குக் காத்திருக்கவில்லை.
குந்தியிருந்து என் காலைத் தன் மடியில் வைத்தாள்.
காலுறையின் ஓட்டையை
மற்றக் காலால் மறைக்கப் பார்த்தேன்.
சீனி முன்னூற்றுப் பன்னிரண்டு.
என்னவோ சொல்லி ஏசினாள்.
ஏச்சுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இரவு வேலையால் வந்தபோது
மேசையில் நீலக்கொப்பி திறந்து கிடந்தது.
புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.
மகள் அரைத்தூக்கத்தில் பேனையை நீட்டினாள்.
வாங்கவில்லை.

பிள்ளை, எழும்பு.
இதில என்ன எழுதியிருக்கு?
வாசி.
முழுக்க வாசி.